ஒரே உடம்பிலிருந்து

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

நீ அனுப்பிய திசு ஸ்லைடு பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. முதலாண்டு மாணவர்களுக்கு நேற்றே காட்டிவிட்டேன். தசைநாணில் நார்கள் வாரிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே பக்கமாக ஓடுகின்றன. இடுக்குகளில் ஒல்லி ஒல்லியாக, அந்த நார்களை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். கொழுப்புத் திசுவில் ஒவ்வொரு செல்லும் ஒரு காலி அறை. உட்கரு சுவரோரம் ஒதுங்கி நிற்கிறது. கணுக்கால் குருத்தெலும்பு மட்டும் தேய்ந்திருக்கிறது. காலமெல்லாம் நின்றே வேலை பார்த்த ஆள் என்று வகுப்பில் சொன்னேன். எல்லாம் ஒரே உடம்பா? உங்கள் ஆய்வகத்துக்கு இப்படியொரு கால் எங்கே கிடைத்தது?

அப்பாவுக்குக் காலை எடுத்த இடம் ஆறிவிட்டதா? எனக்கு ஒரு வரி எழுத அங்கே யாருக்கும் நேரமில்லை.

குட்டி

ஜூன் 11

குட்டி,

அப்பாவின் கால்தான்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். வாலிபத்திலிருந்து பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழித்தவர். வெட்டியதை எரிக்கத்தான் கொண்டுபோயிருப்பார்கள். நான் கேட்டு வாங்கினேன். பழைய ஸ்லைடெல்லாம் வெளிறிவிட்டது, நல்ல தசைநாண் வேண்டும் என்று நச்சரித்தது யார்? ஆபரேஷனுக்கு வா என்றபோது விடைத்தாள் திருத்த வேண்டும் என்றாய். நீ வரவில்லை. அவரை அனுப்பிவைத்தேன்.

அவருக்குத் தெரியாது.

அண்ணன்

ஜூன் 15

உன் கடிதம் வந்தது.

குச்சியை வைத்துக்கொண்டு திரையில் அப்பாவைச் சுட்டிக்காட்டியிருக்கிறேன். ஒருவன் கொட்டாவி விட்டான். ஒருத்தி இளஞ்சிவப்புப் பென்சிலால் வரைந்து வந்தாள். நார்கள் கோணல் என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

நான் வராதது தப்பு. அதற்கு என்னை அடித்திருக்கலாம். நீ அவரை எடுத்து என்னை அடித்திருக்கிறாய்.

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். அவரிடம் சொல். சொல்லும்வரை எனக்கு அண்ணன் கிடையாது.

ஜூன் 24

குட்டிக்கு,

சொன்னேன். காட்டு என்றார். சக்கர நாற்காலியில் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். நுண்ணோக்கியில் குருத்தெலும்பைப் பார்த்தார்.

"ரெண்டு ரெண்டு பேரா உக்காந்திருக்காங்களே, யாரு?"

ஒரு செல் பிரிந்து இரண்டானது, பிறந்த அறையை விட்டு நகர முடியாமல் அங்கேயே இருக்கின்றன என்றேன்.

"என் பிள்ளைங்க மாதிரி இல்ல."

கண்ணை எடுக்காமலே கேட்டார்: "ஏன்டா, ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

உன்னையும் விடவில்லை. "அவ எதுக்குத் திருப்பி அனுப்பினா? என்னை வச்சுக்க இடமில்லையாமா?"

பெட்டியை மறுபடி அனுப்பச் சொன்னது அவர்தான். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உனக்குத் திருப்திதானே?

அண்ணன்

ஜூலை 1

அண்ணா,

திருப்தி இல்லை.

பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் இணைப்புத் திசுத் தேர்வு. பிள்ளைகள் புத்தகப் படத்தைப் பார்த்தே படிக்கட்டும்.

இதோடு இருக்கும் ஒட்டிய உறை அப்பாவுக்கு. நீ பிரிக்காதே. வகுப்பில் காட்டலாமா என்று கேட்டிருக்கிறேன். கேட்பது உனக்கு வராது, எனக்கும் இப்போதுதான் வருகிறது.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்தால் எழுதுகிறேன், காத்திருக்க வேண்டாம்.

அவர் வேண்டாம் என்றால் நானே கொண்டுவருகிறேன், பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு. இனி அவரைத் தபாலில் அனுப்பக் கூடாது.

குட்டி