உன் அம்மா கண் இமைத்த படம்

இன்று காலை கடையில் பசைக் குப்பியைத் திறந்தேன். பூஞ்சை பிடிக்காமல் இருக்க இன்றும் அதில் இரண்டு சொட்டு கிராம்புத் தைலம் விட்டுத்தான் வைக்கிறேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. கல்யாணப் போட்டோவை அட்டையில் ஒட்டி வாங்கிப்போக ஒருவர் எதிரே காத்திருந்தார். "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைப் பாதி சாத்தி உட்கார்ந்துவிட்டேன். நீ போய்விட்டாய் என்ற செய்தி நேற்றே வந்துவிட்டது. அப்போதுகூட நான் இப்படி உட்காரவில்லை.

நாம் படம் எடுத்த அந்த இரண்டு மாதமும் நம் சட்டையெல்லாம் இதே வாசனைதான். பௌதிக ஆசிரியரிடம் சின்ன சினிமா கேமரா ஒன்று இருந்தது. கல்லூரி விஞ்ஞானச் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு ஏதாவது செய்து காட்டு என்று அதையும் ஒரு சுருள் பிலிமையும் உன்னிடம் கொடுத்தார். உனக்கு யோசனை நிறைய இருந்தது, ஒரு வட்டம் ஒழுங்காக வெட்டத் தெரியாது. எனக்கு யோசனை கிடையாது, பெரிய கடைவீதியில் புத்தகம் பைண்டு செய்யும் என் அத்தாவிடம் கத்திரிக்கோல் பிடிக்கப் பழகியிருந்தேன். அப்படித்தான் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிக்காரனான நீ என்னைத் தேடி வந்தாய்.

கதை ஒரு குடையைப் பற்றியது. மலைக்கோட்டை உச்சியில் காற்று பிடுங்கிக்கொண்டு போன குடை, ஊரே துரத்த, காவேரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு ஜன்னலுக்குப் போய்ச் சேரும். பத்திரிகையில் வந்த வெள்ளைக்கார ராஜா, சோப்பு விளம்பரத்துச் சீமாட்டி, தீப்பெட்டிப் படத்து யானை என்று கிடைத்ததையெல்லாம் வெட்டினோம். கை தனி, கால் தனி, தலை தனி. மேஜைமேல் பரப்பி, துளி நகர்த்திவிட்டு கேமராவில் ஒரு தட்டு. மறுபடி துளி நகர்த்தல், மறுபடி ஒரு தட்டு. ஓட்டிப் பார்த்தால் எல்லாம் தானாக நடப்பதுபோல் தெரியும். யானை மேஜையைக் கடந்து முடிக்க ஒரு மத்தியானம் ஆகும். ஜன்னலைத் திறக்கக் கூடாது, பலமாக மூச்சு விடக் கூடாது. ஒரு தடவை நான் தும்மியதில் ராஜாவின் தலை பறந்து அலமாரிக்கு அடியில் போயிற்று. "நோக்கு ராஜபக்தி இல்லேங்கறது நன்னாத் தெரியறது" என்றாய்.

கடைசிக் காட்சியில் ஜன்னலுக்குள் ஒரு பெண் வேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு, நம்மைப் பார்த்து ஒரு முறை கண்ணை மூடித் திறக்க வேண்டும். சோப்புச் சீமாட்டி ஆகாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் நீ ஒரு போட்டோ கொண்டுவந்தாய். மடிசாரும் நெற்றியில் ஸ்ரீசூர்ணமுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த இளம்பெண். நான் வழக்கம்போலக் கழுத்தோரம் கத்திரியை விட்டுத் தலையை எடுத்தேன். தோள், முழங்கை, விரல் எல்லாம் வெட்டி முடித்த பிறகுதான், "நல்ல முகம். யாரு?" என்று கேட்டேன்.

"எங்கம்மா."

உனக்கு ஒரு வயது நிறையும் முன்பே அவர் இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். "வேற போட்டோ இருக்குல்ல?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாய். கத்திரிக்கோலை வீசிவிட்டு வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன். என் கையாலேயே உன் அம்மாவைத் துண்டு துண்டாக வெட்ட வைத்துவிட்டாயே என்று கத்தினேன். நீ அந்தத் துண்டுகளை மேஜையில் பழையபடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாய்.

"அவ அசைஞ்சு நான் பாத்ததே இல்லைடா. ஒரு தரம் பாத்துடறேன்" என்றாய். அப்பாவிடம் கேட்டாயா என்றதற்கு, "அவர் அம்மாவைப் பத்திப் பேசறதே இல்லை. இந்தப் போட்டோ இருந்த பெட்டியத் தொறக்கறதும் இல்லை" என்றாய். பரீட்சைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவருக்குத் தெரியாமல் அந்தப் பெட்டியைத் திறந்து, அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நீ வருவாயாம். வெட்டியதை இனி ஒட்டினாலும் தழும்பு தெரியும். வேறு வழியில்லாமல், மெல்லிய தாளில் பாதி மூடிய இமையும் முழுதும் மூடிய இமையும் எழுதி வெட்டிக் கொடுத்தேன். கழுவுவதற்குப் பம்பாய்க்குப் போன பிலிம் விழாவன்று காலையில்தான் திரும்பி வந்தது. போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை.

உன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ராஜா ஓடியபோது சிரித்தார். யானை தடுமாறி ஆற்றில் விழுந்தபோது மண்டபமே சிரித்தது. பிறகு ஜன்னல் வந்தது. உன் அம்மா கை நீட்டிக் குடையைப் பிடித்தார், தலையைச் சாய்த்தார், கண்ணை மூடித் திறந்தார். நாற்காலி ஒன்று சாயும் சத்தம் கேட்டது. உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார், அவர் நிழல் திரை முழுவதையும் மறைத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நேரே உன்னிடம் வந்தார்.

"அந்தப் போட்டோ அவ போனப்புறம் எடுத்ததுடா" என்றார். "நாற்காலியில உக்கார வச்சு எடுத்தோம். கண்ணு, மூடின இமை மேல ஸ்டூடியோக்காரன் எழுதினது."

அவ்வளவுதான், போய்விட்டார். வெட்டும்போதே அந்தக் கண்கள் கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரிந்தன. பழைய போட்டோ, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். இறந்தவருடைய கண்ணை மூடித் திறந்து விளையாடியிருக்கிறேன். நீ அழவில்லை. "அப்போ அது அவ கண்ணே இல்லையா?" என்று மட்டும் என்னைக் கேட்டாய். அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை.

மறுநாள் காலையில் உன் அப்பா கல்லூரிக்கே வந்தார். படத்தைக் கொளுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நான் பிலிம் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "இன்னொரு தரம் போடுங்கோ" என்றார். பௌதிக அறையின் ஜன்னல்களை அடைத்துவிட்டுப் போட்டோம். மறுபடி கேட்டார், மறுபடி போட்டோம். மூன்றாவது தடவை முடிந்ததும் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"உசுரோட இருக்கறச்சே அவ கேட்டா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னு. ஆயுசு கொறையும்னு நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அவர் உன் அம்மாவைப் பற்றிப் பேசி நீ கேட்டது அதுதான் முதல் தடவை. நீ பெஞ்சியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாய். அவர் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு அவளோடது இல்லை. ஆனா இந்த இமைக்கறது அவதான். எடது கண்ணு கொஞ்சம் பின்னாடிதான் மூடும். நீ அவளைப் பாத்ததே இல்லையேப்பா, எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாம வந்துடுச்சுங்க" என்றேன். அன்றைக்குக் காவேரிப் பாலத்தில் நடந்து போகும்போது நீயும் கேட்டாய். உன்னிடமும் அதையே சொன்னேன். உண்மையைச் சொன்னால் உங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் கிடைத்ததைப் பிடுங்கியதுபோல் ஆகிவிடுமோ என்று பயம். பயம் போன பிறகு, எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நான் அந்த இமைகளை எழுதியபோது நீ மேஜைக்கு எதிர்ப்பக்கம் குனிந்து, மிச்சம் இருக்கும் காட்சிகளைக் குறித்துக்கொண்டிருந்தாய். இமை எப்படி மூடும் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பார்த்துத்தான் எழுதினேன். உனக்கு இடது கண் கொஞ்சம் பின்னாடிதான் மூடும். அது உனக்குத் தெரியாது. அம்மா அசைவதை ஒரு தரம் பார்க்க ஆசைப்பட்டு, இருந்த ஒரே போட்டோவை என்னிடம் வெட்டக் கொடுத்தாய். நானோ அந்த அசைவை நாள் முழுக்க உன் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.