கழுத்துக் கட்டியும் மெழுகுக் கட்டியும்

ஜூலை 30, 2025. புதன்.

இன்று டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டர் பிரிசில்லா. என் வீட்டுக்காரர். அவருடைய தம்பி ஆனந்தன், கடப்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். எங்கள் மகள் ஹரிப்ரியா. நான். நாற்காலி போதவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

என் வீட்டுக்காரர் கழுத்தில் எடுத்த கட்டி லிம்போமா என்கிற புற்றுநோய்தான். வேகமாக வளர்கிற வகை. அதோடு முடியவில்லை. அந்த வகைக்குள்ளும் இரண்டு உண்டாம். செல்லுக்குள் ஜீன் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு வைத்தியம், இல்லையென்றால் வேறு வைத்தியம்.

"மாறியிருந்தா இங்க கொடுக்கிற மருந்து பத்தாதும்மா. சென்னைல அட்மிட் பண்ணி, நாள் கணக்கா விடாம ஏத்தணும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஃபிஷ் டெஸ்ட்."

ஆனந்தன் விடுவாரா? "மீனுக்கா டெஸ்ட்டு மேடம்? எங்க ஊர்ல இல்லாத மீனா? கூடையோட எடுத்தாறேன்."

டாக்டரே சிரித்துவிட்டார். ஜீனுக்கு நிறம் ஏற்றி, ஒளிர்கிற புள்ளியாகப் பார்க்கும் பரிசோதனைக்கு அப்படிப் பெயராம். என் வீட்டுக்காரரும் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து அவர் பல்லைப் பார்த்தேன்.

முதல் மருந்து ஆகஸ்ட் 7. இரண்டாவது 28. அதற்குள் முடிவு தெரிந்தாக வேண்டும். தேதிகளை அட்டைக்குப் பின்னால் எழுதி டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஜூலை 31. வியாழன்.

செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி லேபில் ஏசுபாதம் என்பவர் கட்டியை எடுத்துக் கொடுத்தார். கட்டி என்றால் கட்டி இல்லை. தீப்பெட்டியில் பாதி அளவு பிளாஸ்டிக் சட்டம், அதன்மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் புளியங்கொட்டை அளவு பழுப்பாக ஒன்று. அதுதான் அவர் கழுத்திலிருந்து வந்தது. எண் 1147-A. 'பிளாக்' என்கிறார்கள்.

"வெயில்ல வெக்காதம்மா. கீழ போட்டுடாத. இது ஒண்ணுதான் கீது, வேற கெடையாது. போற எடத்துல சீவிச் சீவித்தான் பாப்பாங்க." சொல்லிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்.

ஜீன் பார்க்கிற லேபின் கிளை நாங்கள் போவதற்குள் மூடிவிட்டது. ஹரிப்ரியாவுக்குச் சனிக்கிழமைதான் லீவு. அதுவரை பிளாக் நம் வீட்டில்.

மடியில் வைத்துக்கொண்டே கருங்குழி வீடு வரை வந்தேன். பஸ்ஸில் யாரும் இடிக்காமல்.

ஆகஸ்ட் 1. ஆடி மூன்றாம் வெள்ளி.

என்ன செய்துவிட்டேன்.

நிதானமாக எழுத வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு வைத்தேன். பிளாக்கைப் பித்தளைத் தட்டில் வைத்து, பெருமாள் பாதத்தில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். நாளைக்குப் போகிற சாமானை வெறுமனே எப்படி அனுப்புவது? பொட்டு வைக்கவில்லை, அழுக்காகும் என்று. அவ்வளவு யோசித்தவள் நெருப்பை யோசிக்கவில்லை. ஐந்து முகமும் ஏற்றினேன். நூற்றெட்டு நாமம் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தால் தட்டு மினுமினுவென்றிருக்கிறது. தொட்டேன். சுட்டது. ஒரு பக்கம் மெழுகு உருகி வழிந்து, பழுப்புத் துண்டின் ஓரம் வெளியே தெரிந்தது.

வெயிலில் வைக்காதே என்றுதானே சொன்னான் மனுஷன். வெயில்ல வெக்கல. விளக்குல வெச்சேன். இன்னா புத்தி இது எனக்கு.

ஃப்ரிட்ஜில் வைத்தேன். கோணலாக இறுகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2. சனி.

லேப் கிளையில் கொடுத்தாயிற்று. வாங்கின பெண் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7. வியாழன்.

முதல் மருந்து. காலை ஒன்பதரைக்கு ஏற்ற ஆரம்பித்து மாலை நாலு பத்துக்கு முடிந்தது. நடுவில் ஒருமுறை குளிர் நடுக்கம், நிறுத்தி மறுபடி ஏற்றினார்கள். "வேன் ஓட்டும்போதுகூட இவ்ளோ நேரம் ஒரே எடத்துல உக்காந்ததில்ல அம்சா" என்றார். காய்ச்சல் 99.4. இனி தினம் மூன்று வேளை பார்த்து எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 9. சனி.

சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனேன். பட்டர் தீபத்தை உயர்த்தி, நாமத்தை விலக்கி, நரசிம்மரின் நெற்றிக்கண்ணைக் காட்டினார். எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

பார்க்கத்தானே போனேன்?

ஆகஸ்ட் 13.

ரிப்போர்ட் இன்றும் வரவில்லை. அவர் வாயில் புண் கிளம்பியிருக்கிறது.

ஆகஸ்ட் 18. திங்கள்.

வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். எழுத்துக்கூட்டி நானே படித்துவிட்டேன், ஆனால் டாக்டர் சொல்லும்வரை நம்பவில்லை. 'முடிவு கூற இயலவில்லை.' புள்ளிகள் சரியாக ஒளிரவில்லையாம். ஜீன் மாற்றம் இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

"ஏன் மேடம் வரல?" என்று அவர் கேட்டார்.

"பல காரணம் இருக்குங்க. திசு மருந்துல அதிகம் ஊறியிருக்கலாம், கொறைவா இருந்திருக்கலாம், சூடு பட்டிருக்கலாம். எதுன்னு இங்கயிருந்து சொல்ல முடியாது."

மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை. சூடு.

மறுபடி எடுக்கலாமா என்று ஹரிப்ரியா கேட்டாள். டாக்டர் யோசித்துச் சொன்னார்: "கழுத்துல முழுசா எடுத்தாச்சு. வயித்துக்குள்ள இருக்கிறதும் மருந்துல கரைய ஆரம்பிச்சிருக்கும். ஊசி போட்டு எடுத்தாலும் சரியா கிடைக்குமான்னு தெரியலம்மா."

வெளியே வந்ததும் ஆனந்தன் கொதித்தார். "எல்லாம் அந்த ஏசுபாதம் வேலதான் அண்ணி. ஜன்னலாண்ட வெயில்ல போட்டு வெச்சிருப்பான். நாளைக்கி ஒரு புடி புடிக்கறேன். மேல எழுதிப் போட்டா வேல பூடும்."

வெயிலில் வைக்காதே என்று என்னிடம் சொன்ன மனுஷன் அவர்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் என் வீட்டுக்காரர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சொல்லாவிட்டால் ஏசுபாதம் வீட்டு அடுப்பு? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஆகஸ்ட் 19. செவ்வாய்.

காலை அவருக்கு இட்லி வைத்துவிட்டுச் சொன்னேன். விளக்கு, தட்டு, ஃப்ரிட்ஜ், எல்லாம். அழாமல் சொல்ல நினைத்தேன். நடக்கவில்லை.

"இன்னா சொல்ற நீ?" என்றார். அப்புறம், "என் கட்டிக்கா பூஜ போட்ட?" சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தார், தின்னவில்லை. வாயெல்லாம் புண். பிறகு தம்பிக்குப் போன் போட்டார்.

"டேய், நீ ஆஸ்பத்திரிக்கிப் போவாத. அந்த ஆளு மேல தப்பில்ல... சொல்றேன் இல்ல? வூட்டு வெவகாரம். வெய்யி போனை."

மத்தியானம் மாத்திரையைக் கையில் வாங்காமல் 'அங்க வை' என்றார். விளக்கு வைக்கிற நேரம் வந்தது. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து குரல்: "ஏத்து. அது இன்னா பண்ணுச்சி?"

ஏற்றினேன்.

ஆகஸ்ட் 20. புதன்.

ஏசுபாதத்தைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, சாமிக்கி காட்ட வேற எதுவுமே கெடைக்கலியா?" என்று திட்டிவிட்டு, உட்காரச் சொன்னார். "நாங்களே உருக்கித்தான் ஊத்தறோம். அதனால உன் வெளக்காலதான் கெட்டுச்சின்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தா திரும்ப நேரா வார்த்து, புதுசா சீவிப் பாக்கலாம். ஆனா அவங்களுக்குத் தெரியணும் இல்ல? மறைக்காம எழுதிக் கேளு."

எழுதினேன். ஜீன் லேபுக்கான கடிதத்தை 'என் தவறு' என்று ஆரம்பித்திருந்தேன். என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்து, "நம்ம வூட்டுல நடந்துச்சின்னு எழுது" என்றார். அடித்துவிட்டு மாற்றினேன். கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். ஹரிப்ரியா படமெடுத்து அனுப்பிவிட்டாள். நகல் இது:

ஐயா / அம்மா,

நோயாளி தீனதயாளன், வயது 54. பிளாக் எண் 1147-A. ஆகஸ்ட் 1 மாலை எங்கள் வீட்டில் இந்தப் பிளாக் சுமார் அரை மணி நேரம் எண்ணெய் விளக்கின் பக்கத்தில் இருந்து, ஒரு பக்கம் உருகியது. ஆஸ்பத்திரி லேபில் வாங்கும்போது நன்றாக இருந்தது. கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் விட்டோம். அறிக்கையில் முடிவு கூற இயலவில்லை என்று வந்திருக்கிறது. அது இந்தச் சூட்டினாலா, வேறு காரணமா? பிளாக்கில் திசு மிச்சம் இருக்கிறதா? இருந்தால் மறுபடி வார்த்து ஒருமுறை பார்க்க முடியுமா? 28-ஆம் தேதி காலை இரண்டாவது மருந்து. எந்த மருந்து என்பது உங்கள் முடிவைப் பொறுத்தது. 27 பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை. முடியாது என்றாலும் நேராகச் சொல்லிவிடுங்கள். 26-க்குள் தயவுசெய்து பதில் தாருங்கள்.

அம்சா
தீனதயாளன்