அதே பெயரில் வேறொரு எழுத்துரு

மாப்ள,

இன்று காலை ஒரு வாடிக்கையாளர் தங்கள் செயலியில் சேர்க்கச் சொல்லி எழுத்துருக் கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். திறப்பதற்கு முன் கோப்பின் அளவைப் பார்த்தேன். உன்னைச் சந்தேகப்பட்ட நாட்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

தல்லாகுளத்து மாடி அறையில் நாம் இருவரும் ஒரு மருத்துவமனைக்குச் செயலி செய்துகொண்டிருந்தோம். எந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்குத் தமிழில் காட்டும் செயலி. போனில் ஏற்கெனவே உள்ள எழுத்து அழகாக இல்லை என்று, அகலமான, உருண்டையான எழுத்துரு ஒன்றைத் தேடிச் சேர்த்தவன் நான்தான். "எங்க ஊர்ல எழுத்து வெட்டுப்படுது மாப்ள" என்று நீ ஒருமுறை சொன்னாய். "பழைய போனா இருக்கும்" என்றேன்.

பிறகு ஒருநாள் பார்த்தால் அந்தக் கோப்பின் அளவு பாதியாகியிருந்தது. பெயர் அதேதான், உள்ளே இருந்தது வேறு எழுத்துரு. மாற்றியது நீ என்று கணினியில் பதிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் கனத்த பையோடு சீக்கிரமே ஊருக்குக் கிளம்பினாய். சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் உன்னைக் கூப்பிடுவதாகவும் காதில் விழுந்திருந்தது. நம் வேலையை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாய் என்று முடிவுகட்டினேன். உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்காமல், உன் போன் ஒலிக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சும்மா சிரித்தால்கூட ஏதோ இருப்பதாகப் பட்டது.

நீ டீக்குப் போன நேரத்தில் உன் பையைத் திறந்தேன். நாலு பழைய போன்கள். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டு, பெயர் எழுதிய துண்டுச்சீட்டு. நிமிர்ந்தபோது வாசலில் நீ நின்றாய்.

"என்ன தேடுற?"

"சார்ஜர்."

நீ ஒரு போனை எடுத்து நீட்டினாய். "இது எங்கம்மா போனு. கண்ணு சரியாத் தெரியலைன்னு எழுத்தப் பெருசா வச்சிருக்கு. நீ போட்ட ஃபான்ட்டுக்கு இடம் பத்தல, பாரு."

'சாப்பாட்டுக்கு' என்பது வரை தெரிந்தது. அடுத்து வர வேண்டிய 'முன்' திரையில் இல்லை.

"சர்க்கர மாத்திரைய முன்னாடி போடவா, பின்னாடி போடவான்னு தெருவே என்னையக் கேக்குது. அதான் ஒடுக்கமான எழுத்தாப் போட்டு ஒவ்வொரு போன்லயும் பாத்துட்டு வாரேன்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னேனே."

அந்த ஒடுக்கமான எழுத்துதான் கடைசியில் நோயாளிகளுக்குப் போனது. சென்னைக்காரர்கள் கூப்பிட்டது உண்மை. நீ வரமுடியாது என்று சொல்லிவிட்டதும் உண்மை. மறுநாளிலிருந்து பையை ஜிப் போடாமல் மேசைமேலேயே வைத்தாய். என்னைக் குத்துவதற்கா, மறந்துபோயா என்று அதையும் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன அன்று உன் ஊர் திருவாதவூருக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார்: "எம்மகன் யாரையும் லேசுல நம்ப மாட்டான். இந்தத் தம்பிய மட்டுந்தான் நம்புனான்."

உன்னை நம்பாமல் உன் பையைத் திறந்த கை அது. உருவிக்கொள்ள முடியவில்லை.

இப்போது யார்மேல் சந்தேகம் வந்தாலும் நேரே அவரிடமே போய்விடுகிறேன். கேட்க நாக்கு கூசும். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.