பனி இல்லாத காட்சி

ஜனவரி 9, வியாழன்

இன்று அறுபத்தோரு எக்ஸ்ரே. முதுகு, முட்டி, மாடிப்படியில் உருண்ட ஒரு வாத்தியாரின் மணிக்கட்டு. ஈய மேலங்கியைக் கழற்றிய பிறகும் தோளில் அது தொங்குவது போலவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ‘மூடுபனி மணி’யின் புதுப் படம். ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்கும் அண்ணனிடம் வாயை விட்டுவிட்டேன். “பொம்மைப் படம் பாக்கவா டியூட்டியை மாத்திக் கேட்ட? வயசு முப்பத்தெட்டும்மா!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவருக்கு எப்படி விளக்குவது? பனிக்குள் போகும் ஒரு கப்பல். அதில் மணியடிக்கும் ஒரு சிறுமி. என் பதினான்கு வயதில் இருபத்தாறு வாரம் டிவியில் வந்த ஜப்பானியத் தொடர். பதினெட்டாம் பகுதிக்குப் பிறகு வரைகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள் என்று பின்னாளில் படித்தேன். ஆள் குறையக் குறையத் திரையில் பனி கூடியது. முகம் வரைய ஆளில்லையா, பனி. கடல் வரைய ஆளில்லையா, பனி. கடைசிப் பகுதியில் வெள்ளைத் திரையும் மணிச் சத்தமும்தான். நாங்கள் அதைப் பெரிய கலை என்று நினைத்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

அடுத்து வந்த முதல் படம் சுத்த ஏமாற்று. டிவிப் பகுதிகளை வெட்டி ஒட்டி, நடுவில் நாலு புதுக் காட்சி. இந்த முறை எல்லாவற்றையும் புதிதாக வரைந்திருக்கிறார்களாம். அதே இயக்குநர். ஒருதரம் சூடுபட்டவள் நான். ஆனாலும் போவேன்.

ஜனவரி 12, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை, எழுதிவிட வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் சொக்கிப்போனேன். டிவியில் அந்தப் பெண் நடந்தால் ஒரே எட்டுப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். இங்கே ஈரப் பலகையில் கால் வழுக்குவது வரை வரைந்திருக்கிறார்கள். பிறகு அவள் கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கினாள். ஒரு கதவு. உள்ளே வரிசையாக ஏழு ஜோடி ஷூ, எல்லாம் நனைந்து. ஏழாவது அவள் அளவு. போட்டுப் பார்க்கிறாள். உள்ளே சூடாக இருக்கிறது, யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டுப் போனது மாதிரி. வாசலில் ஒரு பூனை. அதற்கு நிழல் இல்லை.

அந்தக் காட்சி தொடரில் கிடையாது. முதல் படத்தில் கிடையாது. அது என் தம்பியுடையது.

பத்தொன்பதாம் பகுதி வந்த அன்று எங்கள் வீட்டு டிவியில் வெறும் இரைச்சல்தான். “பக்கத்து வீட்டுல பாத்துட்டேன்க்கா, நீதான் விட்டுட்ட” என்று வந்து இந்தக் காட்சியைச் சொன்னான். பன்னிரண்டு வயது அவனுக்கு. ஏழு ஜோடி, சூடு, நிழலில்லாத பூனை. இரண்டு வருடம் கழித்து அந்தப் பகுதியைக் கேசட்டில் பார்த்த பிறகுதான் அத்தனையும் புளுகு என்று தெரிந்தது. அவனைத் துரத்தித் துரத்தி அடித்தேன். அதற்கடுத்த வருடம் அவன் இல்லை.

படம் முடிந்தால் கடைசிப் பெயர் ஓடும்வரை எழுந்திருக்காதவள் நான். இன்று பாதியிலேயே வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 13

யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா? இல்லை. ஒருவரிடமும் இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “தம்பி ஒரு ஷூ கதை சொல்லுவானே, ஞாபகம் இருக்காம்மா?”

“எந்தத் தம்பி?”

மடிப்புக் கலையாமல் அடுத்த துணியை எடுத்தாள். “அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லியிருக்காருல்ல?”

“அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா.”

“ஆளு போனா? சொன்னது சொன்னதுதானே.”

அவனுக்குப் பதினைந்து வயது. பரீட்சையில் கோட்டைவிட்டான். அப்பா அவனுடைய படம் வரையும் நோட்டுகளை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார், பெல்ட்டாலும் விளாசினார். மறுநாள் மதியம் ஆற்றங்கரையில் அவன் ஷூ இரண்டும் இருந்தன, நாடாவோடு நாடா முடிந்து. நான்கு நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. “ஆத்தோட போச்சு” என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவன் பெயர் எங்கள் வீட்டில் ஒலித்ததில்லை. என் வாயிலிருந்தும்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

மறுபடியும் போனேன். என் மூளை எதையாவது ஒட்டவைத்ததா என்று பார்க்க.

இல்லை. ஏழு ஜோடி. எண்ணினேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. படம் முழுக்கப் பனி இருக்கிறது, இப்போது கைவசம் ஆள் இருந்தும் அதே வெள்ளை, அதே அழகு. அந்த அறைக்குள் மட்டும் இல்லை. ஒவ்வொரு கோடும் துலக்கம். யாரோ கையோடு கூட்டிப்போய், ‘பார், நன்றாகப் பார்’ என்று காட்டுவது போல.

கடைசிவரை உட்கார்ந்தேன். வரைந்தவர்கள், வண்ணம் தீட்டியவர்கள், ஒலிக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, தனியாக ஒரு வரி: ‘எங்களுக்குக் கடிதம் எழுதிய, பெயர் தெரியாத நண்பருக்கு நன்றி.’

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூடியோவுக்கு எழுதினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில். இறந்துபோன என் தம்பியின் கதை உங்கள் படத்தில் எப்படி வந்தது?

பிப்ரவரி 2

பதில் இல்லை. இணையத்தில் ரசிகர்கள் அந்தக் காட்சியைப் பிரித்து மேய்கிறார்கள். ஏழு என்றால் என்ன, பூனை என்றால் மரணமா, இயக்குநரின் மேதைமை. ஒருவன் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறான்.

எனக்குத் தெரியும், தம்பி எது சொன்னாலும் அதில் ஒரு பூனையை நுழைப்பான். அவ்வளவுதான் அந்தப் பூனை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. ஸ்டூடியோவின் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாள் எழுதியிருக்கிறார்.

தொடர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு உறை வந்ததாம். உள்ளே பென்சிலில் எட்டுப் படங்கள். அனுப்பியவர் பெயரோ முகவரியோ இல்லை. இயக்குநர் அதைத் தன் மேஜைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தாராம். ‘டிவிக்கு ஓடிக்கொண்டிருந்தபோது நாங்கள் பனியைப் போட்டு மூடிய இடத்தில் என்ன இருந்தது என்று இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது’ என்பாராம். புதுப் படம் தொடங்கியபோது அந்த எட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

உறையின் நகலும் இருந்தது. தபால் முத்திரைத் தேதியை மூன்று தடவை பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் தடவை.

ஷூ கிடைத்த நாளிலிருந்து பதினொரு மாதம் கழித்து.

செத்தவன் எப்படித் தபால் போடுவான்? டேய்... எங்கடா இருந்த?

பிப்ரவரி 12, புதன்

நேற்று பயத்தில் கடிதத்தைக் கீழே வரை படிக்கவில்லை. அதன் பிறகும் வருடத்துக்கு ஒன்று வந்திருக்கிறது. கப்பல், மணி, பூனை. கடைசி இரண்டில் மட்டும் கப்பல் இல்லை என்று எழுதியிருக்கிறார் அந்த அம்மாள். இவை என்ன இடம், கீழே உள்ள எழுத்துக்கு என்ன பொருள், உங்களால் சொல்ல முடியுமா?

கூடவே அனுப்பியிருந்த படங்களைத் திறந்தேன்.

இரண்டிலும் எங்கள் ஆஸ்பத்திரி வராண்டா. சுவரோரப் பெஞ்சின் கடைசி மூலையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. எக்ஸ்ரே அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே ஈய மேலங்கியோடு ஒருத்தி, திரும்பி நிற்கிறாள். நான். என் கொண்டை.

கீழே தமிழில், பிள்ளைக் கையெழுத்து மாறாமல்: ‘இவ முழுசா கதவைத் திறந்தா எழுந்து போயிடுவேன்.’

முத்திரை எங்கள் ஊருடையது. ஒன்று போன வருடம். மற்றது அதற்கு முந்தைய வருடம். அப்பா போன பிறகு.

பிப்ரவரி 13

காலையில் கதவைத் திறக்கவே கை வரவில்லை. பெஞ்சில் ஒரு கிழவரும் ஒரு கர்ப்பிணியும்தான்.

டோக்கன் அண்ணனிடம் கேட்டேன். சட்டென்று சொன்னார். “அந்த மூலை ஆளா? மாசத்துக்கு ஒருதரம் வருவாப்ல. டோக்கன் வாங்க மாட்டாப்ல. யாரையோ கூட்டிட்டு வந்திருக்காருன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் இருப்பாரு, பாத்தா பெஞ்சு காலியா இருக்கும். ஏன், ஏதாவது தகராறா?”

இரண்டு வருடம். பத்தடி தூரம்.

“இல்லண்ணே. அடுத்த தடவை வந்தா விடாதீங்க. என்ன சாக்காவது சொல்லி ஒரு டோக்கனைக் கையில குடுத்துடுங்க.”

அவர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். படங்களை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். அழுவாள், அல்லது என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள்.

“ஒல்லியா இருக்கானா?”

“நான் எங்கம்மா பார்த்தேன்? படம்தானே வந்திருக்கு.”

“வந்தா வையாதே. ஏன் போனே, எதுக்குப் போனேன்னு குடையாதே.” படங்களை அடுக்கிக்கொண்டே, “அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே. எல்லார் முன்னாடியும் பயந்துக்குவான்” என்றாள்.

எத்தனை நாளாக இதைத் தயார் செய்துவைத்திருந்தாள்?

பிப்ரவரி 27

பெஞ்சைப் பார்த்துப் பார்த்து இன்று ஒரு இடது காலை வலது கால் என்று பதிந்துவிட்டேன். டாக்டரிடம் நல்ல டோஸ்.

மார்ச் 5, புதன்

பதினோரு மணி இருக்கும். டோக்கன் அண்ணன் கதவிடுக்கில் தலையை நீட்டினார். “முப்பத்தொண்ணு. விடாம இருமிட்டிருந்தாப்ல. நானே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயி நெஞ்சுப் படத்துக்குச் சீட்டு வாங்கிட்டேன்.” குரலை இறக்கி, “அந்த ஆளுதான்” என்றார்.

சீட்டில் வேறு ஏதோ பெயர். வயது 36. நான் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் உள்ளே வந்தது. நிமிர முடியவில்லை.

“சட்டையைக் கழட்டிட்டு அந்தப் பலகையில நெஞ்சை ஒட்டி நில்லுங்க.” தினம் நூறு தடவை சொல்கிற வாக்கியம். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போன பிறகுதான் பார்த்தேன். முதுகு மட்டும். அகலமான, முன்பின் தெரியாத ஒரு ஆம்பளை முதுகு. தவறான ஆளோ? பிறகு, தோள்பட்டைக்குக் கீழே பெல்ட் பக்கிள் பதிந்த சதுரத் தழும்பு.

“மூச்சை இழுத்துப் பிடிங்க.”

ஸ்விட்சை அழுத்தினேன். படம் திரையில் எழுந்தது. விலா எலும்புகள், இரண்டு நுரையீரல், நடுவில் சற்றே இடம் சாய்ந்த இதயம். ஆற்றோடு போனது என்று இருபத்தொரு வருடம் நாங்கள் பேசாமல் வைத்திருந்த நெஞ்சு. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ, தெரியாது.

அந்த முதுகு நடுங்கத் தொடங்கியது. பலகையிலிருந்து நெஞ்சை எடுக்காமல், திரும்பாமல், கேட்டான்:

“விடலாமாக்கா?”

“விடுடா” என்றேன்.