இன்சுலினை நான் நிறுத்தவில்லை

ஸ்ரீரங்கம்

அன்புத் தங்கை எமிலிக்கு,

நான் இன்சுலினை நிறுத்திவிட்டதாக நம் வீட்டில் பேசிக்கொள்வது தவறு. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

நடந்தது இதுதான். விடுதிச் சாப்பாட்டு அறையில், "மரபணு மாத்தின கத்தரிக்காய், நான் வார்டனா இருக்கறவரைக்கும் இங்க வராது" என்றேன்.

உயிரியல் படிக்கும் வைஜயந்தி விடவில்லை. "மேடம், உங்க இன்சுலினே மரபணு மாத்தின பாக்டீரியாவுலதானே தயாராகுது?"

"அப்ப அதுவும் எனக்கு வேண்டாம்!" என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். நான் ஊசி போட்டுக்கொள்ளும்வரை ஒரு பெண்ணும் தட்டைத் தொடவில்லை. போட்டதும் ஒரே கைதட்டல்! எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மருந்துக்குச் சம்மதித்துவிட்டேன், கத்தரிக்காயைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும்.

அதனால் நான் மருந்தை விட்டுவிட்டேன் என்று பயந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போக வராதே. நம் வீட்டு மேசை டிராயரில் இருக்கும் என் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் என்னோடு தங்க வா. என்றைக்கு வருகிறாய் என்று போனில் சொல்லாமல் கடிதம் எழுது; உன் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று.

உன் அக்கா,
செலஸ்டின்