தலைவலி மெஷின்

முகப்பேர் கிழக்கு
9.2.2025

திரு. நடேசன் அவர்களுக்கு,

அனுசுயா எழுதுவது. விவாகரத்து ஆனவருக்குக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை, அதனால் இப்படி. மூன்று வருடத்துக்கு முன் கோர்ட் வாசலில் நின்று, இனி போனில் பேசுவதில்லை என்று நீங்கள் என் நம்பரையும் நான் உங்கள் நம்பரையும் அழித்தோமே, நினைவிருக்கும். அந்த வாக்கை மீறக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

இதைக் கொண்டுவரும் உங்கள் தங்கையைத் திட்டாதீர்கள். நீங்களும் நானும் பிரிந்தோம், கமலமும் நானும் பிரியவில்லை. வாரம் ஒரு தடவை வந்து, என் காபியில் டிகாஷன் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போகிறாள்.

இந்த பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. தலைவலிக்கு நெற்றிப்பொட்டில் வைத்துக்கொள்வது. ஆபீசில் என் பக்கத்து சீட்டுப் பெண் சிம்ரன் பிறந்தநாளுக்குக் கொடுத்தாள். மூன்று மாதம் நன்றாக ஓடியது. இப்போது சார்ஜ் ஏறுவதில்லை. அப்படியே ஏறினாலும் இரண்டு தும்மல் தும்மிவிட்டு நின்றுவிடுகிறது. தெரியாத கடையில் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. பாடி பட்டறையில் இருபது வருடமாக பம்பு, கம்ப்ரஸர் என்று காற்றோடு மல்லுக்கட்டுகிறவர் நீங்கள். புருஷனாக உங்களைப் பற்றி நான் ஆயிரம் சொல்லியிருப்பேன். மெக்கானிக்காக ஒரு குறை சொன்னதில்லை.

முடியாவிட்டால் அப்படியே டேப் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள். கமலத்திடம் திறந்து காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
அனுசுயா


பாடி
16.2.2025

அனுவுக்கு,

நலம். ‘திரு. நடேசன் அவர்களுக்கு’ என்று பார்த்ததும் மறுபடியும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். சாதாரணமாகவே எழுது.

ரிப்பேர் முடிந்த எந்தச் சாமானுக்குள்ளும் நான் ஒரு சீட்டு வைத்து அனுப்புவேன், உனக்குத் தெரியும். என்ன கோளாறு, என்ன செய்தேன் என்று. உன்னுடையதற்கும் அப்படித்தான். சார்ஜ் பின் துரு ஏறிக் கிடந்தது. உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. பின்னை மாற்றி, உள்ளே காயவைத்து, புது வாஷர் போட்டிருக்கிறேன். ஒன்று கேட்கிறேன், இதை அடிக்கடி கழுவுகிறாயா? நெற்றியில் வைக்கிற சாமானை எதற்குக் கழுவ வேண்டும்?

செய்தவன் கெட்டிக்காரன். அடியில் ‘சக்‌ஷன்’ என்று பொறித்திருக்கிறது, கம்பெனி பெயரை மட்டும் யாரோ சுரண்டியிருக்கிறார்கள். உண்மையில் இது உறிஞ்சுவதே இல்லை. உள்ளே கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது, டயாபிரம் என்போம். மோட்டார் அதை இழுத்து இழுத்து விட, வாய்ப்பக்கம் காற்று மட்டும் பட்டும் படாமலும் தட்டிவிட்டுத் திரும்புகிறது. இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை.

ஓட்டிப் பார்க்காமல் எதையும் டெலிவரி கொடுக்க மாட்டேன். என் நெற்றியில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன். தலைவலி இருந்தால்தானே போகும். பக்கத்து லேத் பட்டறை நாகப்பன் அண்ணன் அதை வாங்கி முட்டியில் வைத்துக்கொண்டார். “நைனா, சொகமா கீதுப்பா! இன்னா கம்பெனி இது? ஊட்டுக்கு ஒண்ணு வாங்கணும், எங்க ஊட்டம்மாவும் இடுப்பு வலின்னு சொல்லிகினே கீது” என்றார். இரண்டு நாள் திருப்பித் தரவில்லை. நேற்றுதான் பிடுங்கினேன். எங்கே கிடைக்கும் என்று எழுதி அனுப்பு, அவர் தொல்லை தாங்கவில்லை.

இன்னொரு விஷயம் கமலம் சொல்லியிருப்பாள். பூந்தமல்லியில் ஹேமாவதி என்று ஒருவர். புருஷன் தவறி ஆறு வருடம் ஆகிறது, சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். போட்டோவைப் பார்த்தேன். பிடித்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். காரணம் உலகத்தில் உன் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு பெண்ணின் ஒன்பது வருடத்தை வீணாக்கியது போதும். கமலம் அழுகிறாள், பங்குனிக்குள் நல்ல பதில் சொல்லு என்று கெடு வைத்திருக்கிறாள். அவளிடம் நான் என்னத்தைச் சொல்ல?

உடம்பைப் பார்த்துக்கொள். அடிக்கடி தலைவலி வந்தால் கண்ணை செக் பண்ணு.

நடேசன்


முகப்பேர் கிழக்கு
20.2.2025

உங்களுக்கு,

கடிதத்தைப் படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு நாகப்பன் அண்ணனின் முட்டி நினைவுக்கு வந்து, மெஷினையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். திரும்பி வந்து உங்கள் கடைசிப் பகுதியைப் படித்தேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். அது தலைவலிக்கானது இல்லை. ஒரு பெண் தனியாக இருக்கும்போது, தன் உடம்பு சுகத்துக்காக வைத்துக்கொள்வது. எங்கே என்று எழுதக் கை வரவில்லை. ஏன் கழுவினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

தாளைக் கசக்கிவிடாதீர்கள். கடைசிவரை படியுங்கள்.

சிம்ரனுக்கு இருபத்தாறு வயது, வாயில் பூட்டே கிடையாது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, “அக்கா, இப்ப நெட்ல எல்லாரும் இதப் பத்திதான் பேசுறாங்க. ஒரு தடவ ட்ரை பண்ணுங்க, பிடிக்கலன்னா பேப்பர் வெயிட்டா வெச்சுக்கோங்க” என்று நீட்டினாள். ஒரு மாதம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேல்வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்த தைரியத்தில் கையில் எடுத்தேன். அன்றைக்குக் கூச்சத்தில் அணைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு பயத்தில் அணைத்துவிட்டேன். மூன்றாவது ஞாயிறு அணைக்கவில்லை.

அதை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவை. கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் அப்படி ஒரு பசி. மூன்று தோசை வார்த்துச் சாப்பிட்டேன். மூன்றாவது தோசையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

குழந்தை இல்லை என்று போன இடத்திலெல்லாம் டாக்டர்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். நமக்குத்தான் தெரியும், ஏதோ ஒன்று இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல், பரீட்சை எழுதுகிற மாதிரி. எனக்கு எதுவும் நடக்கவில்லை. நடக்க ஏதாவது உண்டு என்றே எனக்குத் தெரியாது. முதல் சில வருடம் நடித்தேன். பிறகு நடிக்கவும் சலித்துப்போய் “முடிஞ்சுதா?” என்று கேட்க ஆரம்பித்தேன். ஒரு நாள் நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “கட்டையோட படுத்துகினு கீறேன்” என்றீர்கள். நான் உங்கள் வார்த்தையை நம்பினேன், நீங்கள் என் கேள்வியை நம்பினீர்கள். ஆளுக்கொன்றைச் சுமந்துகொண்டு கோர்ட்டுக்குப் போனோம்.

நான் கட்டை இல்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்வதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. என் உடம்பில் குறை இல்லை என்றால், உங்களிடமும் இல்லை. நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாமும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினெட்டு நாள் வராண்டாவில் பேப்பர் விரித்துப் படுத்தவர் நீங்கள். மழையானாலும் அம்பத்தூர் எஸ்டேட்டில் என் ஆபீஸ் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடாமல் ஒரு நாள் இருந்ததில்லை. இதற்கெல்லாம் நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொன்னதே கிடையாது. இப்போது சொல்கிறேன். அந்த ஒன்பது வருடம் வீணில்லை.

ஹேமாவதிக்கு வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அனு


பாடி
2.3.2025

அனுசுயாவுக்கு,

கடைசிவரை படித்தேன். உள்ளங்கையளவு மெஷின் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் செய்ததை நான் ஒன்பது வருடத்தில் செய்யவில்லை. இதைத்தானே இவ்வளவு தூரம் சுற்றி வந்து எழுதியிருக்கிறாய்? குறையில்லாதவன் என்று சர்டிபிகேட் வேறு. அந்த மெஷினை என் கையாலேயே பிரித்து, காயவைத்து, கெட்டிக்காரன் செய்தது என்று பாராட்டியும் எழுதியிருக்கிறேன்.

இரண்டு நாளாகப் பட்டறையில் ஸ்பேனரைத் தொடவில்லை. நாகப்பன் அண்ணன் “இன்னா மாமே, ஒடம்பு செரியில்லியா?” என்று கேட்கிறார். அவர் முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

ஹேமாவதி பேச்சை விட்டுவிடு. இனிமேல் கமலத்திடம் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

நடேசன்


முகப்பேர் கிழக்கு
6.3.2025

உங்களுக்கு,

கமலத்திடம் கொடுத்தனுப்ப வேண்டாம் என்றீர்கள், அதனால் தபாலில் வருகிறது. கோபம் வந்தால் சட்டம் போடுகிற வழக்கம் உங்களுக்கு இன்னும் போகவில்லை. எனக்கு அதைத் தாண்டி வர வழி தேடுகிற வழக்கமும் போகவில்லை.

அந்த மெஷினைக் கையில் வாங்கியதும் நீங்கள் என்ன செய்தீர்கள்? விளக்கைப் போட்டீர்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அடிக்கடி கழுவுகிறாயா என்று கேட்டு எழுதினீர்கள். என்னைப் பற்றி அப்படி ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது, அது வேறு. தெரியாததை எப்படிச் சொல்வது? உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி என்று பங்கு போடவெல்லாம் நான் உட்காரவில்லை.

அந்த மெஷின் உங்களை ஜெயித்துவிடவில்லை. அதற்கு ஒன்றுமே தெரியாது. கூட்டவும் குறைக்கவும் பட்டன் இருக்கிறது, எது போதும், எது வேண்டாம் என்று நான்தான் அமுக்க வேண்டும். உனக்கு எது வேண்டும் என்று என்னை முதன்முதலில் கேட்டது அந்த பட்டன்தான். வேறெதுவும் அது செய்யவில்லை. கேட்பது உங்களாலும் முடியும். ஒரு பம்பு என்ன சொல்கிறது என்று காதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நிற்பீர்கள், நான் சாப்பாட்டுக் கூடையோடு வந்து நின்றது கூடத் தெரியாது. அந்தப் பொறுமையை ஒரு மனுஷியிடம் காட்டிப் பாருங்கள். ஹேமாவதியைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள்.

“முடிஞ்சுதா?” என்று கேட்டதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எத்தனை தடவை கேட்டேனோ அத்தனை தடவைக்கும்.

இதற்குப் பதில் போடாவிட்டாலும் தப்பாக நினைக்க மாட்டேன்.

அனு


பாடி
13.4.2025

அன்புள்ள அனுவுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பங்குனியும் இன்றோடு முடிகிறது. முதல் ஒரு வாரம் கோபம். அடுத்த இரண்டு வாரம் உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கிரீஸ் பட்டு ஒரு மூலை போய்விட்டது.

போன ஞாயிறு பூந்தமல்லிக்குப் போனேன். கமலத்தை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மெட்ரோ தூண் ஓரமாக ஒரு ஜூஸ் கடை. ஹேமாவதி சாத்துக்குடி சொன்னார். நான் கையில் டம்ளரை வைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்: “எனக்கு வேல மட்டுந்தாங்க தெரியும். ஊட்ல எப்டி இருக்கணும்னு தெரியாது, ஒருத்திய அதுல கஷ்டப்படுத்தியிருக்கேன். உங்களுக்கு இன்னா புடிக்கும், இன்னா புடிக்காதுன்னு கேட்டுகினுதான் எதுவும் செய்வேன். எல்லாத்துலயும்.” சொல்லிவிட்டு, நீ எழுதினபடி வாயை மூடிக்கொண்டேன்.

அவர் ஜூஸ் முழுவதையும் குடித்து முடித்தார். நான்கு பஸ் போயிருக்கும். அப்புறம்தான் சொன்னார்: “என்ன இதுவரிக்கும் யாருமே அப்படி கேட்டதில்லீங்க. எனக்கு இன்னா புடிக்கும்னு எனக்கே தெரில. யோசிச்சு சொல்லட்டுமா?” எவ்வளவு நாள் வேண்டுமானாலும் யோசியுங்கள் என்றேன். சிரித்தார். கல்யாணத்துக்கு மட்டும் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். வைகாசியில் திருவேற்காட்டில் கல்யாணம், பத்துப் பேரோடு. உன்னைக் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் நீ வந்துவிடுவாய், எனக்குத் தாங்காது.

அந்த ஜூஸ் கடையில் நான் சொன்னது உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது. பன்னிரண்டு வருடம் தாமதமாக இன்னொருவரிடம் சொன்னேன். அதை எந்த வாஷர் போட்டும் சரிசெய்ய முடியாது. அன்றைக்குச் சுவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இன்றைக்கு உன்னைப் பார்த்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ கட்டை இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. என்னை வாழச் சொல்லி எழுதியதற்கு நன்றி, அனு. இதை எழுதும்போது கண் கலங்கிவிட்டது, பட்டறையில் யாரும் இல்லை.

நாகப்பன் அண்ணனிடம் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். மனிதர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

இந்தக் கவரைக் கமலத்திடமே கொடுத்தனுப்புகிறேன். உள்ளே காகிதத்தில் சுற்றி மூன்று டயாபிரம் இருக்கிறது, நல்ல சிலிக்கான் ஷீட்டில் நானே வெட்டியது. ஒவ்வொன்றும் மூன்று வருடமாவது வரும். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் வைத்திருக்கிறேன். எப்படிப் பிரிப்பது, எப்படி மூடுவது என்று இந்தத் தாளின் பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன், நான்கே நான்கு ஸ்க்ரூதான். இனி இது நின்றுபோனால் என்னிடம் அனுப்ப வேண்டாம். நீயே செய்துகொள்ளலாம்.

நன்றியுடன்,
நடேசன்

பி.கு.: சார்ஜ் பின்னுக்கு ரப்பரில் ஒரு மூடி செய்து வைத்திருக்கிறேன். அதைப் போட்டுவிட்டுக் கழுவு.