மண்புழுக்காரர் எழுந்து வெளியே போனார்

மார்ச் 3

அன்புள்ள மண்புழுக்காரருக்கு,

நலமா என்று கேட்டதும் உருகிவிடாதீர்கள், ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

என் நீராவி வண்டி ஓடுகிறது! ஒரு சொட்டுக் களைக்கொல்லி இல்லாமல், வெறும் ஆவியடித்தே கேரட் பாத்தி முழுக்கக் களையைச் சுருட்டிப் போட்டுவிட்டேன். துள்ளிக் குதித்ததில் ஒரு பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது.

மண்ணைக் கெடுக்காத விவசாயக் கருவிகளில் எதை முதலில் ஆராய்வது என்று வெள்ளிக்கிழமை உங்கள் குழு முடிவு செய்கிறதாமே? பன்னிரண்டு தலைப்பில் மூன்றுக்குத்தான் இடம். என் வண்டிக்குக் கிடைக்காவிட்டால் இந்தப் பட்டறையை மூடிவிடுவார்கள். சொந்தக்காரர் தலைப்பு வந்தால் உறுப்பினர் வெளியே போக வேண்டுமாம். நீங்கள் போகாதீர்கள். "ரெண்டு வருஷமா தனித்தனியா இருக்கோம், எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஓட்டுப் போடுங்கள். பொய்யும் இல்லையே. ஆவியில் மண்புழு செத்துவிடும் என்ற பழைய பாட்டை மட்டும் அங்கே ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தானே நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்!

இப்படிக்கு,
வண்டிக்காரி

மார்ச் 8

அன்புள்ள வண்டிக்காரிக்கு,

முதலில் திட்டிவிடு, பிறகு படி. நான் வெளியே போய்விட்டேன்.

நீ சொல்லச் சொன்னதை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். உன் தலைப்பு வந்ததும் தலைவர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இதுல யாருக்காவது சொந்தம் இருக்கா?" என்றார். நாக்கு புரண்டால்தானே! "என் மனைவிங்க" என்று எழுந்துவிட்டேன். தாழ்வாரத்தில் குட்டி போட்ட பூனையாகச் சுற்றினேன். உன் வண்டியை நானே கவிழ்த்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உள்ளே யாரோ, "ஆவி அடிச்சா மண்புழு என்னாகும்?" என்று கேட்டிருக்கிறார்கள். சத்தியமாக நான் இல்லை! பதில் சொல்ல ஆளில்லை. "தெரியாததத்தானே முதல்ல ஆராயணும்?" என்றாராம் தலைவர் அம்மா.

ஜெயித்துவிட்டாய்! மூன்றாவது இடம்! ஒரே நிபந்தனை: மண்புழு தெரிந்த ஒருவர் முதல் வருடம் முழுக்க உன் பாத்தியிலேயே இருந்து பார்க்க வேண்டும். ஆளை நீயே தேர்ந்தெடுக்கலாம். நான் வருவதென்றால் குழுவிலிருந்து விலக வேண்டும், அதற்குத் தயார். ஆனால் நானாக வரமாட்டேன். நீ கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உளறிவிட்டு எழுந்தவன்

மார்ச் 12

அன்பானவருக்கு,

கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். வெல்டர் அண்ணன் விடவில்லை. "அந்த 'என் மனைவிங்க' இடத்த இன்னொரு தடவ படிங்க" என்கிறார்! நான் தனியாக எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

எனக்கு விழ வேண்டிய ஒரு ஓட்டைக் கெடுத்தீர்களே என்று கோபமும் இருக்கிறது. நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆவியடித்த பாத்தியை இன்று தோண்டினேன். மேல்மண்ணில் ஒரு புழுகூட இல்லை. செத்துவிட்டதா, ஆழத்துக்கு ஓடிவிட்டதா, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. வந்து சொல்லுங்கள். சண்டை கட்டாயம் உண்டு, ஆனால் இந்தத் தடவை பாத்தியில் நின்று போடுவோம்.

மண்வெட்டி இங்கே இருக்கிறது. துணிமணி மட்டும் போதும். ஒரு வருடத்துக்குத்தானே என்று சின்னப் பெட்டியை எடுக்காதீர்கள், பெரியதையே கட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி